ஸ்கேனில் ஒன்றுமில்லை

எனக்கு வந்த நோயின் பெயரைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். மைக்ரேன். தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறார்கள். நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவது என் வேலை. படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆனால் தலைவலியை மறைத்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஆண்கள் என்னைப்போல இன்னும் இருப்பார்கள் என்று தோன்றியது. பேசுவதைவிட எழுதுவது கொஞ்சம் சுலபம், அதனால் எழுதுகிறேன்.

இந்த வலி எனக்கு இளவயதிலிருந்தே உண்டு. வருவதற்கு முன்னால் காரணமில்லாமல் கொட்டாவி வந்துகொண்டே இருக்கும். பின்கழுத்து இறுகும். சில தடவை கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் ஓடும். வெல்டிங் வைப்பதை வெறும் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினால் பார்வைக்குள் ஒரு பொட்டு நிற்குமே, அதுபோல. ஆனால் இதன் ஓரம் ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து மின்னும். அது அடங்கியபின் இடது நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பிக்கும். நாடி துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் வலியும் துடிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, யாராவது தலைக்கு வைத்திருக்கிற மல்லிகைப்பூ வாசம்கூட ஆகாது. கடைசியில் வாந்தி. அதன்பிறகு இருட்டில் படுத்துத் தூங்கி எழுந்தால், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு கிடக்கும்.

பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே இது வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பின்பக்கச் சாக்கடை ஓரம் குனிந்து நான் வாந்தியெடுப்பதை ஒருநாள் பக்கத்து லேத் செல்வராஜ் பார்த்துவிட்டான்.

"ஏனுங் மாப்ளே, ராத்திரி ஏத்துனது இன்னும் எறங்கலீங்களா?"

நான் குடிப்பவனில்லை. ஆனாலும் சிரித்து வைத்தேன். ஏனென்றால் அதற்கு முன்னால் ஒருமுறை தலைவலி என்று லீவு கேட்டபோது முதலாளி, "உன்ற ஊட்டுக்காரி தலவலின்னு படுத்தா நாயம். உனக்கென்னடா வந்துச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். குடிகாரன் என்ற பெயர் அதைவிடப் பரவாயில்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அதிலிருந்து மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப் பழகினேன். வலி வந்தால் ஒன்று, வரும்போல இருந்தால் ஒன்று, வராமல் இருக்க ஒன்று.

வீட்டில் என் மனைவி சரசுவுக்குத் தெரியும். எங்கள் ஒரே மகள் மோகனாவுக்கும் தெரியும், ஏனென்றால் அவளுக்கும் இது உண்டு. பள்ளிக்கூடம் படிக்கும்போதே துப்பட்டாவைக் கண்ணுக்கு மேலே போட்டுக்கொண்டு சுருண்டு கிடப்பாள். என்னிடமிருந்து போனது என்று எனக்குத் தெரியும். ஒரு டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போயிருக்கலாம். நாங்கள் செய்ததெல்லாம், "வெளியில சொல்லாத கண்ணு, பொண்ணுக்குத் தலையில நோவுன்னு பேராயிரும்" என்று அவளை எச்சரித்ததுதான்.

மோகனா சிங்காநல்லூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்குக் காங்கேயத்திலிருந்து ஓர் இடம் அமைந்தது. தேங்காய்ப் பருப்பு காயவைக்கிற களமும் ஒரு எண்ணெய் மில்லும் வைத்திருக்கிற குடும்பம். எங்களைவிட வசதி. மாப்பிள்ளை தன்மையான பையன். உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது என்பார்கள். மாறின இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்துப் பெயர்களையும் நேரில் உட்கார்ந்து சரிபார்த்துவிட வேண்டும் என்று சம்பந்தி சொல்லியிருந்தார். யார் பெயர் விட்டுப்போனாலும் பிறகு அது ஆயுசுக்கும் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மட்டும் கிளம்பினேன். முந்தின நாள் இரவுவரை ஓவர்டைம், தூக்கம் போதவில்லை. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடவில்லை. சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம்வரை வெயில் அடிக்கிற பக்கத்தில் நின்றுகொண்டே போனேன்.

வாசலிலேயே சம்பந்தியம்மா கேட்டார். "வாங்க வாங்க. சாப்புட்டீங்களா? எலை போடட்டுங்களா?"

"ஆச்சுங்க, ஆச்சுங்க. ஊட்டுலயே சாப்புட்டுத்தான் வாரேன்."

பசியில் வயிறு ஒட்டிக் கிடந்தது. ஆனால் பெண்ணைக் கொடுக்கப் போகிற வீட்டில் போனதும் போகாததுமாக இலையில் உட்கார எனக்குக் கூச்சம். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சொல்வோம். கேட்கிறவர்களுக்கும் தெரியும், இரண்டாம் தடவை வற்புறுத்துவார்கள். அன்றைக்கும் வற்புறுத்தினார்கள். நான் காப்பி மட்டும் போதும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். வெறும் வயிற்றில் கெட்டிக் காப்பி.

சம்பந்தி பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தார். நானும் தாளைப் பார்த்தேன். நடுவில் ஒரு பெயரைக் காணோம். அந்த இடத்தில் ரம்பப் பல் மின்னிக்கொண்டிருந்தது. இது நமக்கு வழக்கமாக வருவதுதான், காட்டிக்கொள்ளக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அதோடு நிற்கவில்லை. வலது கை விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்து, மெல்ல மெல்ல முழங்கை வரைக்கும் ஏறி, பிறகு உதட்டோரம் மரத்தது. சம்பந்தி ஏதோ கேட்டார். "மாப்பிள்ளையோட தாய்மாமன் பேர் மேல வரட்டுங்க" என்று சொல்ல நினைத்தேன். மனதில் வாக்கியம் முழுசாக இருந்தது. வாயில் வேறு என்னவோ வந்தது. அது தமிழே இல்லை.

"ஏனுங், இவரு பேச்சு ஒளறுதுங்க! வாதமுங்க இது! வண்டிய எடுக்கச் சொல்லுங்க!" என்று சம்பந்தியம்மா கத்தியது கேட்டது.

அவர் செய்ததுதான் சரி. பேச்சு குழறினாலோ கை மரத்தாலோ, முதல் தடவை வருகிறவர்கள் அது தலைவலியா பக்கவாதமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது என்று பிற்பாடு டாக்டரும் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காரில் பின் சீட்டில் என்னைப் படுக்கவைத்து, தலையைச் சம்பந்தி மடியில் தாங்கிக்கொண்டார். அவருக்கு அழுத்தி இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி. பாதி வழியில் அந்த வேட்டியின் மேலேயே நான் வாந்தியெடுத்தேன். "பரவால்லீங்க சம்பந்தி, பரவால்லீங்க" என்று அவர் துண்டால் என் வாயைத் துடைத்தார். இப்போதும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. கை மரப்பும் போய்விட்டது. இடது பொட்டில் வலி மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவில் "சிரிங்க" என்றார்கள். "ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றார்கள். ஒரு பேனாவைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். உடனே தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அது முடிந்து என்னைக் கட்டிலில் ஏற்றியதும் நரம்பியல் டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். நிதானமாகக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி உங்களுக்குத் தலைவலி, கண்ணுல வெளிச்சம், இந்த மாதிரி ஏதாவது வந்திருக்குதுங்களா? குடும்பத்துல யாருக்காவது?"

கட்டிலின் ஒரு பக்கம் சரசு, அப்போதுதான் ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள். இன்னொரு பக்கம் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். 'குடும்பத்தில் யாருக்காவது' என்ற சொல் என் காதில் மோகனாவின் பெயராகத்தான் விழுந்தது.

"இல்லீங்க" என்றேன். "யாருக்கும் இல்லீங்க."

சரசு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அந்த ஒரு சொல்லால் ஆஸ்பத்திரி வாசம் நீண்டது. தலைவலிக்காரன் இல்லை என்றால், பேச்சு குழறியதற்குக் காரணம் தேட வேண்டும் அல்லவா? தேடினார்கள். எம்.ஆர்.ஐ. என்ற குழாய்க்குள் அனுப்பினார்கள். காந்தத்தின் பலத்தில் மூளையைப் படம் பிடிக்கிற மெஷின். உள்ளே படுத்தால் பட்டறையில் நாலு லேத்தும் ஒரு பவர் பிரஸ்ஸும் சேர்ந்து ஓடுகிற சத்தம். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று குளிர்ந்த பசையைத் தடவிப் பார்த்தார்கள். இதயத்தில் ரத்தக்கட்டி ஏதும் இருந்து மூளைக்குப் போயிருக்குமோ என்று நெஞ்சுக்கும் அதேபோல. எல்லாவற்றுக்கும் வரிசையில் சக்கர நாற்காலியில் காத்திருந்தேன். நடக்க முடியும் என்று சொன்னேன், விடவில்லை. பக்கத்து நாற்காலிகளில் நிஜமாகவே வாதம் வந்தவர்கள். ஒருவருக்கு வாயோரம் ஒழுகுவதை அவர் மருமகள் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் திருட்டு டிக்கெட்டில் வந்தவன்போலத் தலை குனிந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததில் கொஞ்சம் இப்படிக் கரைந்தது. சரசு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

எல்லா முடிவும் ஒன்றுமில்லை என்று வந்தது. செய்தி பட்டறைக்கும் போய், செல்வராஜும் இன்னும் இருவரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள்.

"தலைக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு ஸ்கேன்ல வந்துருச்சாமா?" என்றான் செல்வராஜ். "இதுக்குப் போயி எதுக்குங் மாப்ளே ஆஸ்பத்திரிக்குக் குடுக்கறீங்க? எங்ககிட்டக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பமே!"

எல்லோரும் சிரித்தார்கள், பக்கத்துக் கட்டில்காரர் உட்பட. நானும் சிரித்தேன். அவர்கள் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றால் நிம்மதிதான் வரவேண்டும். எனக்கு வந்தது வெட்கம். இத்தனை பேரை ஓடவைத்து, ஒரு வெள்ளை வேட்டியைக் கெடுத்து, ஒன்றுமில்லாமல் படுத்திருக்கிறேனே என்று.

சம்பந்தியம்மா தினமும் காங்கேயத்திலிருந்து தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்தார். ரசம் தனியாக, பருப்பு தனியாக. "உப்பு கொறைச்சுத்தான் போட்டிருக்கறனுங்க, பயப்படாம சாப்புடுங்க" என்பார். அந்தச் சோற்றைச் சாப்பிடுவதற்குள் எனக்கு உயிர் போகும்.

ஒரு மத்தியானம் அவர் கை கழுவப் போன நேரத்தில் சரசு என் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்க, டாக்டரம்மாகிட்ட மட்டுமாவது சொல்லிப்போடலாமுங்க. நாளைக்கு ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை ஆரம்பிக்கறாங்களாம். ரொம்ப நாளைக்கு நிறுத்தக் கூடாதாம்."

"சொன்னா அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? மோகனாவுக்கும் இருக்குதான்னு அடுத்துக் கேப்பாங்க."

"அதுக்காக, இல்லாத நோவுக்கு மாத்திரை முழுங்குவீங்களா?"

"கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்ச பொறகு அவ அங்க போயிப் படுத்துக் கெடந்தா? அப்ப என்னன்னு சொல்லுவாங்க, மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்கன்னு சொல்லமாட்டாங்களா?"

எனக்குத் தெரிந்த ஒரே வழி, பேசாமல் இருப்பது.

மறுநாள் காலை மோகனா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். வரும்போதே முகம் வெளுத்திருந்தது. மூன்று நான்கு முறை கொட்டாவி விட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. வார்டில் ஃபினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே குழல் விளக்குகள். அவள் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்தாள். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்கள்.

"கண்ணுக்கு ராத்திரி தூக்கமில்லையாட்ட இருக்குது, பாவம்" என்றார் சம்பந்தியம்மா.

"ஆமாங்க, பஸ்ஸுல வந்த அலுப்புங்க" என்றாள் சரசு.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். என் கேஸ் சீட்டைப் பார்க்கக் குனிந்தவர், மோகனாவைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னம்மா, வெளிச்சம் ஆகலையா?" என்று தணிந்த குரலில் கேட்டார். மோகனா துப்பட்டாவை விலக்கவில்லை. தலை மட்டும் என் பக்கம் திரும்பியது. நான் என்ன சொல்கிறேனோ அதைத்தான் அவள் சொல்வாள். எத்தனையோ வருடமாக அப்படித்தான் பழக்கியிருந்தோம்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குக் காங்கேயத்தில் குழறியதைவிட மோசமாக.

"அவளுக்கும் தலவலிங்க" என்றேன். "எனக்கு இருக்கற அதே தலவலிங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு இருக்குதுங்க. கண்ணுல வெளிச்சமும் வருமுங்க. நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்லிப்போட்டேனுங்க."

நான் சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமல் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த விரலில் ஆரம்பித்தது, முகத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆனது, என்ன சாப்பிட்டேன். பிறகு விளக்கினார். பக்கவாதம் பெரும்பாலும் சட்டென்று ஒரே அடியாக வரும். எனக்கு வந்ததுபோல வெளிச்சம், பிறகு விரல், பிறகு உதடு, பிறகு பேச்சு என்று படிப்படியாக ஊர்ந்து வந்து தானே விலகுவது மைக்ரேனின் முன்னறிகுறி. மூளையின் மேற்பரப்பில் ஓர் அலைபோல எழுந்து நகர்கிறது. அது ஸ்கேனில் தெரியாது. தெரியாததால் பொய்யாகிவிடாது.

"ஆம்பளைங்களுக்கும் இது வருமுங்களா?" என்று கேட்டேன்.

"பெண்களுக்கு அதிகம் வரும். அதுக்காக உங்களை விட்டுவைக்குமா?" என்று சிரித்தார். "பரம்பரையாவும் வரும். சர்க்கரை இருக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றோம். இதை மட்டும் எதுக்குங்க ஒளிச்சு வெக்கறீங்க?"

தூண்டிவிடுகிற விஷயங்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்குப் பசி, தூக்கக்குறைவு, வெயில், வெறும் வயிற்றில் காப்பி. நான்கையும் ஒரே காலையில் சேர்த்துப் போட்டிருக்கிறேன். மோகனாவுக்குப் பளிச்சென்ற விளக்கும் நெடியும். வேளைக்குச் சாப்பிடுவது, தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுவது, தண்ணீர் குடிப்பது. வலி வந்தால் ஆரம்பத்திலேயே சரியான அளவு மாத்திரை போட்டுக்கொண்டு, இருட்டறையில் நெற்றியில் குளிர்ந்த துணியோடு படுப்பது. என் சட்டைப்பை மாத்திரைக் கதையைச் சொன்னபோதுதான் அவர் முகம் கடுத்தது. வலி மாத்திரையை வாரத்தில் பல நாள் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தடுக்கிற மாத்திரை தனியாக இருக்கிறது. மருந்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்குக் கொடுத்தது உங்களுக்குச் சேராமல் போகலாம். டாக்டரைப் பாருங்கள், கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.

ரத்தம் உறையாத மாத்திரையை வேண்டாம் என்று எழுதிவிட்டு, மோகனாவுக்கு ஒரு மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வெளியே வராந்தாவுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு வழியே அவர்கள் பேசிக்கொள்வது தெரிந்தது. அவர் தலையை ஆட்டினார். அந்தம்மா கையை நீட்டி நீட்டி என்னவோ சொன்னார். சரசு முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். மோகனா மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்தாள். முடிந்துபோனது என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஊரில் என்ன காரணம் சொல்வது என்பதுவரைக்கும் யோசித்துவிட்டேன்.

சம்பந்தியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னிடம் வரவில்லை. நேராக மோகனாவின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லோணும். மழைக் காலத்துல தேங்காப் பருப்பு பூசணம் புடிக்காம இருக்கறதுக்குக் கந்தகம் பத்தவெச்சுப் புகை போடுவோம். எங்க ஊட்டுக்குப் பொறகாலயே தான் அந்த ரூமு. அந்த நெடி உனக்கு ஆவுமா?"

'அதெல்லாம் ஆவுமுங்க, போகப் போகப் பழகிக்குவா' என்ற வாக்கியம் என் வாய்வரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நடந்த பிறகும் வந்தது.

மோகனா துப்பட்டாவை ஒரு கண்ணுக்கு மட்டும் விலக்கினாள்.

"ஆவாதுங்க அத்தை" என்றாள்.

சம்பந்தியம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல? தை மாசக் கல்யாணத்துக்குள்ள அந்த ரூமைக் களத்துக்கு அக்கட்டால மாத்திப்போடோணும். கொத்தனாருக்கு இப்பவே சொல்லி வெச்சாத்தான் ஆவும்."

"அதான் சொல்றேன்னு சொன்னனல்ல" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங் சம்பந்தி, அன்னிக்கு நீங்க சாப்புடவே இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"நல்லாக் கெடுத்தீங்க போங்க."

எனக்கு எழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது. வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாகவும் இருந்தது. அப்போது மோகனா கண்ணை இறுக்கிக்கொண்டு, "அப்பா, லைட்டு" என்று மெல்ல முனகினாள்.

வார்டு நிறைய ஆட்கள். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுகிற நேரம் அது. நான் அதுவரை அங்கே ஒரு டம்ளர் வெந்நீர்கூட யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, லேத் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரலில் நர்ஸைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், இந்தப் பக்கத்து லைட்டை அணைச்சுப்போடுங்க. என்ற புள்ளைக்குத் தலவலி."